விடுபட்ட குழந்தைகளை எண்ணுவது யார்?

தில்லி புசா ரோட்டில் வாழும் இரண்டு குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று, அங்குள்ள தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தை. குழந்தைநல மருத்துவரிடம் பணம் செலுத்தி உரிய நாளில் தடுப்பூசி போடப்படுகிறது. மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாள் பெற்றோரின் கையேட்டில் பத்திரமாக ஒட்டப்படுகிறது. ஆனால், அரசுப் பதிவேட்டில் அந்த ஊசி ஏறுமா, ஏறாதா என்பது மருத்துவமனையின் அக்கறையைப் பொறுத்தது.

மற்றொன்று, மெட்ரோ ரயில் பாதையின் நிழலில் எழும் கட்டடம் ஒன்றில் வேலை செய்யும் தொழிலாளியின் குழந்தை. பிறந்தது பிகாரில், முதல் ஊசியும் அங்கேதான். இரண்டாவது ஊசி தில்லி அரசு டிஸ்பென்சரியில். மூன்றாவது ஊசிக்கு நாள் வரும்போது கட்டட வேலை முடிந்து குடும்பம் நொய்டாவுக்கோ குருகிராமுக்கோ போய்விட்டிருக்கும். பிகார் பதிவேட்டில் அக்குழந்தை "இடையில் நின்றது". தில்லி பதிவேட்டில் அது கூடுதலாக வந்த ஓர் ஊசி. மூன்றாவது மாநிலத்தின் பதிவேட்டில் அது பிறக்கவே இல்லை.

முதல் குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டு, கணக்கு இல்லை. இரண்டாவது குழந்தைக்குக் கணக்கு உண்டு; பாதுகாப்பு இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகை ஈடுகட்ட, தில்லியின் சராசரி மட்டும் குறையின்றித் தோன்றும்.

இது ஏதோ புள்ளிவிவர நிபுணர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி அல்ல. 2018 செப்டம்பரில் தலைநகரின் தொற்றுநோய் மருத்துவமனையான மகரிஷி வால்மீகி மருத்துவமனையில் ஒரு டஜனுக்கும் அதிகமான குழந்தைகள் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தன. முத்தடுப்பு ஊசி உரிய முறையில் போடப்பட்டிருந்தால் தவிர்க்கக்கூடிய நோய் அது. இறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட அண்டை மாநிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அந்தக் குழந்தைகளுக்கு ஊசி போடவில்லை என்பதை முன்கூட்டியே எந்த அட்டவணை சொல்லியது? எந்த மாநிலத்தின் அட்டவணை சொல்லியிருக்க வேண்டும்?

தடுப்பூசிப் பரவலை அளப்பது அடிப்படையில் ஒரு வகுத்தல் கணக்கு. போடப்பட்ட ஊசிகளின் எண்ணிக்கை மேலே. போட்டுக்கொள்ள வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை கீழே. மேலே உள்ள எண்ணைத் தருபவர் ஊசி போடும் செவிலியர். தம் வேலைக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் நிலையில் அவரை நிர்வாகம் வைத்திருக்கிறது. கீழே உள்ள எண்ணோ பெரும்பாலும் ஊகம். இந்தியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011இல். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 அதன் அடிப்படைத் தேதியாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை குழந்தைகள் பிறந்திருக்கும் என்பது பழைய கணக்கை நீட்டிப் பார்த்து எழுதப்பட்டதே. தில்லி போன்ற குடியேற்ற நகரத்தில் இந்த நீட்டல் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அண்டை மாநிலத் தாய்மார்கள் பிரசவத்துக்காக வந்து சேரும் பெரிய மருத்துவமனை உள்ள மாவட்டத்தில், பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசியின் பரவல் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். நூறு குழந்தைகளில் நூற்றுப் பத்துக் குழந்தைகளுக்கு ஊசி போட்ட சாதனை அரசு அட்டவணைகளில் அரிதான ஒன்றல்ல. நூற்றைத் தாண்டும்போதாவது தவறு கண்ணில் படுகிறது. அதே தவறு எழுபதைத் தொண்ணூறாகக் காட்டும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்யவே வீடு வீடாகச் சென்று கேட்கும் மாதிரி ஆய்வுகள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் பரப்பிய "முப்பதுக்கு ஏழு" முறை இவற்றில் பெயர்பெற்றது. முப்பது ஊர்களை அல்லது தெருக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஏழு குழந்தைகளைப் பார்த்து, மொத்தம் 210 குழந்தைகளைக் கொண்டு ஒரு பகுதியின் நிலையைக் கணிப்பது அம்முறை. ஹெண்டர்சன், சுந்தரேசன் ஆகிய இருவரும் 1982இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதன் நிறைகுறைகளை உலகுக்கு எடுத்துரைத்தது. பத்து சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்பதை ஒப்புக்கொண்டே உருவான முறை இது. எழுபது என்று விடை வந்தால் அது அறுபதாகவும் இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம். எளிமைக்காகக் கொடுத்த விலை அது. விலையை மறந்துவிட்டு விடையை மட்டும் தசமப் புள்ளியோடு அச்சிட்டது பின்னர் வந்தவர்களின் பிழை.

இந்தியாவில் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் 1985இல் தொடங்கியது. 1992-93இல் நடந்த முதல் தேசிய குடும்பநல ஆய்வில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற, 12 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகள் 35 சதவீதம். 1998-99இல் 42 சதவீதம். 2005-06இல் 43.5 சதவீதம். ஏழு ஆண்டுகளில் ஒன்றரை சதவீத முன்னேற்றம் என்ற அந்த எண் அன்றைய நிர்வாக அறிக்கைகளின் முகத்தில் அறைந்தது. 2015-16இல் 62 சதவீதமும், 2019-21இல் 76.4 சதவீதமும் பதிவாயின. முன்னேற்றம் உண்மையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் கடைசி எண்ணின்படியும் நான்கில் ஒரு குழந்தை ஏதேனும் ஓர் ஊசியைத் தவறவிட்டிருக்கிறது.

2005-06 ஆய்வை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். அதில் பிசிஜி போட்டுக்கொண்டவர்கள் 78 சதவீதம். முத்தடுப்பு மூன்றாம் ஊசி 55 சதவீதம். தட்டம்மை ஊசி 59 சதவீதம். அனைத்தும் பெற்றவர்கள் 43.5 சதவீதம். எந்த ஊசியுமே பெறாதவர்கள் 5 சதவீதம். ஆக, அரசைப் பாராட்ட விரும்புபவருக்கு 78. குறைகூற விரும்புபவருக்கு 43.5, "95 சதவீதக் குழந்தைகளை எட்டிவிட்டோம்" என்று மேடையில் முழங்க விரும்புபவருக்கு அதற்கும் வழி உண்டு. எல்லாம் ஒரே ஆய்வு, ஒரே குழந்தைகள்.

ஆய்வுகளும் அப்பழுக்கற்றவை அல்ல. தடுப்பூசி அட்டை இல்லாத வீடுகளில் தாயின் நினைவே சாட்சி. தோளில் தழும்பு விழும் ஊசி போட்டார்களா, வாயில் சொட்டு மருந்து விட்டார்களா, தொடையில் ஊசி போட்டார்களா, எத்தனை முறை என்று ஆய்வாளர் கேட்பார். மூன்று குழந்தைகளை வளர்க்கும் தாய், எந்தக் குழந்தைக்கு எத்தனை முறை தொடையில் ஊசி போடப்பட்டது என்பதை இரண்டு ஆண்டு கழித்துச் சரியாகச் சொல்ல வேண்டும். படித்த தந்தையரிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் தெரியும். 2005-06இல் அட்டையைக் காட்டியவர்கள் பத்தில் நான்கு பேருக்கும் குறைவு. 2019-21இல் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். முன்னேற்றத்தின் ஒரு பகுதி, ஊசி கூடியதால் மட்டுமல்ல, அட்டை கூடியதாலும் வந்திருக்கலாம். அட்டை உள்ள குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே ஆய்வில் பரவல் 83.8 சதவீதமாக உயர்கிறது. அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பமே ஊசியையும் தவறாமல் போடும் குடும்பம் என்பதால் இதில் வியப்பில்லை. அட்டையில்லாத குழந்தையே உண்மையில் தேடப்பட வேண்டிய குழந்தை.

மாவட்ட எண்களில் மற்றொரு சங்கடம் உண்டு. இந்த ஆய்வு 6 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் நடக்கிறது. ஆனால் ஒரு மாவட்டத்தில் 12 முதல் 23 மாதக் குழந்தைகள் சில டஜன் பேரே சிக்குவார்கள். இருபத்தைந்து முதல் நாற்பத்தொன்பது குழந்தைகளை மட்டும் வைத்துக் கணித்த எண்களை ஆய்வறிக்கை அடைப்புக்குறிக்குள் தருகிறது. எச்சரிக்கையாகப் படியுங்கள் என்பது அதன் பொருள். நாளிதழ்களுக்கும் ஆட்சியர் அலுவலகங்களுக்கும் வந்து சேர்வதற்குள் அந்த அடைப்புக்குறி உதிர்ந்துவிடுகிறது. தில்லி மாநிலத்துக்கு 2019-21இல் கிடைத்த எண் 76 சதவீதம். புசா ரோட்டின் அடுக்குமாடி வீட்டையும் கட்டடப் பணியிடத்தின் தகரக் கொட்டகையையும் சேர்த்துத் தைத்த எண் அது.

தமிழகத்தின் அனுபவம் இதில் பெரும் பாடம். 1998-99 ஆய்வில் 89 சதவீதத்துடன் நாட்டின் முன்வரிசையில் இருந்த தமிழகம், 2005-06இல் 81 சதவீதத்துக்கும் 2015-16இல் 69.7 சதவீதத்துக்கும் சரிந்தது. மாநில நிர்வாகம் தந்துவந்த கணக்கோ நூற்றை ஒட்டியே நின்றது. இடையில் நடந்ததும் தெரிந்ததே. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துக்கே சென்று ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் மட்டுமே போடப்பட்டது. பெற்றோரின் அச்சம் ஒருபுறம். நிலையத்துக்குச் செல்லும் தொலைவும் இழக்கும் ஒருநாள் கூலியும் மறுபுறம். சரிவை அன்றாடப் பதிவேடு உரக்கச் சொல்லவில்லை. வெளியார் ஆய்வே சொல்லியது. 2019-21இல் தமிழகம் 89.2 சதவீதத்துக்கு மீண்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் விடுபட்ட குழந்தைகளுக்கு அந்த மீட்சி பயன்படாது.

அதே பத்தாண்டில் பிகார் 32.8 சதவீதத்திலிருந்து 61.7 சதவீதத்துக்கு உயர்ந்தது. 2019-21இல் 71 சதவீதம். தில்லியின் இந்தச் சாலைக்குப் பெயர் தந்த ஊர் பிகாரில்தான் இருக்கிறது. 1905இல் புசா கிராமத்தில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்தபின் 1936இல் தில்லிக்கு ஊரின் பெயரோடு இடம்பெயர்ந்தது. நிறுவனம் பெயரைச் சுமந்து வந்தது. அங்கிருந்து வேலை தேடி வரும் தாய், தடுப்பூசி அட்டையைச் சுமந்து வர மறந்துவிடுகிறாள். பிகாரின் உயர்வுக்குக் காரணங்களில் ஒன்றாக 2007இல் தொடங்கிய "முஸ்கான்" இயக்கத்தைக் குறிப்பிடுவர். ஆஷா பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் செவிலியரும் சேர்ந்து, கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் பெயர் பெயராகப் பட்டியலிட்டுத் தொடர்ந்ததே அதன் சாரம். சதவீதத்தைத் தேடாமல் பெயரைத் தேடினார்கள்.

எண்ணோடு பணம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலக அனுபவமும் உண்டு. கூடுதலாகத் தடுப்பூசி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் என்று, தடுப்பூசிக்கான உலகளாவிய கூட்டமைப்பான "காவி" ஏழை நாடுகளுக்கு ஊக்கத்தொகை வழங்கிவந்தது. 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அத்தொகை பெற்ற நாடுகள் கூடுதலாக 1 கோடியே 39 லட்சம் குழந்தைகளுக்கு ஊசி போட்டதாகக் கூறியிருக்க, வீட்டாய்வுகளின்படி அந்த எண் 74 லட்சமே என்று கணித்தது. அங்கெல்லாம் செவிலியர்கள் பொய்யர்கள் என்று பொருளல்ல. உயர்ந்த எண்ணுக்குப் பரிசும் தாழ்ந்த எண்ணுக்கு விளக்கம் கேட்கும் கடிதமும் வரும் இடத்தில் எண் உயரவே செய்யும்.

அண்மைக்கால சர்ச்சை இதைவிட நுட்பமானது. முத்தடுப்பின் முதல் ஊசியைக்கூடப் பெறாத குழந்தைகளை "ஓர் ஊசியும் பெறாதவர்கள்" என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் கணக்கிடுகின்றன. அவற்றின் மதிப்பீட்டில் இந்தியாவில் இத்தகைய குழந்தைகள் 2021இல் 27 லட்சம், 2022இல் 11 லட்சம், 2023இல் 16 லட்சம், 2024இல் ஏறத்தாழ 9 லட்சம். 2025 ஜூனில் லான்செட் இதழில் வந்த மற்றோர் ஆய்வு 2023க்கு 14.4 லட்சம் என்றது. மொத்த எண்ணிக்கையை வைத்துப் பிற நாடுகளோடு ஒப்பிடுவது இந்தியாவின் பெரும் மக்கள்தொகையைக் கணக்கில் கொள்ளாதது என்று மத்திய சுகாதார அமைச்சகம் கூறுவதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு அமைச்சகம் கையாண்ட மாற்று வழி என்ன? ஓர் ஊசியும் பெறாத குழந்தைகள் 2023இல் 0.11 சதவீதம், 2024இல் 0.06 சதவீதம் என்று அறிவித்தது. எதில் 0.11 சதவீதம்? நாட்டின் மொத்த மக்கள்தொகையில்!

எண்பது வயது முதியவரும், அலுவலகம் செல்லும் இளைஞரும் முத்தடுப்பு ஊசிக்கு உரியவர்கள் அல்லர். ஆண்டுக்குப் பிறக்கும் ஏறத்தாழ 2.3 கோடிக் குழந்தைகளே வகுக்க வேண்டிய எண். அப்படி வகுத்தால் 0.11 சதவீதம் என்பது 7 சதவீதமாகிறது. குழந்தைகள் அதே 16 லட்சம். கீழே உள்ள எண்ணை மாற்றியதால் பிரச்னை அறுபது மடங்கு சிறுத்துவிட்டது. 16 லட்சத்தை 9 லட்சமாகக் குறைத்தது பாராட்டத்தக்க சாதனை. அதற்கு இத்தகைய ஒப்பனை தேவையே இல்லை.

தாய்மார்களின் கணக்கிலோ எண் வேறு திசையில் ஏமாற்றும். கருவுற்ற பெண்ணுக்கு இரணஜன்னி ஊசி போடுவது தாய்க்கும் பிறக்கும் சிசுவுக்கும் சேர்த்தே பாதுகாப்பு. ஒரு காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்நோய் கண்டதாக மதிப்பிடப்பட்டது. நாட்டில் இது ஒழிந்ததாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. முந்தைய பேறுகாலத்தில் ஊசி பெற்ற தாய்க்கு அடுத்த முறை ஓர் ஊக்க ஊசியே போதும். ஆகவே இந்தப் பேறுகாலத்தில் இரண்டு ஊசி போட்டவர்களை மட்டும் எண்ணினால், பாதுகாப்புள்ள தாய்மார்கள் பலர் விடுபடுவர். "பிறக்கும்போது பாதுகாப்பு உண்டா" என்று தாயின் முழு வரலாற்றையும் கேட்டால்தான் உண்மை தெரியும். அப்படிக் கேட்டபோது 2019-21 ஆய்வில் 92 சதவீதம் வந்தது. கேள்வியைத் திருத்தினால் விடையும் திருந்தும் என்பதற்கு நல்ல உதாரணம் இது. இரணஜன்னிக்கு எதிரான சக்தி நோய் வந்து தானாக உண்டாவதில்லை, தடுப்பூசியால் மட்டுமே உண்டாகும் என்பதால், சிறு அளவில் இரத்தப் பரிசோதனை செய்து பதிவேட்டைச் சரிபார்க்கவும் இயலும்.

சரியாக எண்ண இந்தியாவுக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. 1994 அக்டோபர் 2ஆம் தேதி தில்லியில் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து இயக்கம், பின்னாளில் விடுபட்டவர்களை எண்ணும் கலையைக் கற்றுக்கொண்டது. குழந்தையின் இடது சுண்டுவிரல் நகத்தில் மை. வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டிக் குறி: அனைவருக்கும் சொட்டு மருந்து விட்டாயிற்று என்றால் "பி", பூட்டிய வீடு, மறுத்த வீடு, குழந்தை ஊருக்குப் போன வீடு என்றால் "எக்ஸ்". மறுநாள் குழுவினர் "எக்ஸ்" வீடுகளுக்கே மீண்டும் சென்றனர். செங்கல் சூளைகளும் கட்டடப் பணியிடங்களும் நாடோடிகளின் கூடாரங்களும் தனிப் பட்டியலில் இடம்பெற்றன. ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் வழியில் மறித்து மருந்து கொடுத்தனர். வேலை செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர். 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதே கடைசி நோயாளி. 2014 மார்ச் 27இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

அந்தச் சுவர்க்குறியின் இடத்தில் இப்போது "யு-வின்" என்ற கணினிப் பதிவேடு வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டு, 2024 அக்டோபரில் நாடு முழுமைக்கும் பிரதமரால் தொடங்கிவைக்கப்பட்டது. கருவுற்ற தாயும் பிறக்கும் குழந்தையும் பெயரோடு பதிவாகி, எந்த மாநிலத்திலும் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம் என்பது நல்ல ஏற்பாடு. கட்டடத் தொழிலாளியின் குழந்தைக்கு இது உண்மையிலேயே வரப்பிரசாதமாக அமையலாம். ஆனால் பதிவேட்டில் ஏறிய குழந்தையைத்தான் கணினி நினைவூட்டும். ஏறாத குழந்தையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கைப்பேசி எண்ணே திறவுகோல் என்னும்போது, எண்ணை அடிக்கடி மாற்றும் குடும்பமும், தந்தையின் கைப்பேசி தந்தையோடு வெளியூர் போய்விட்ட குடும்பமும் என்ன செய்யும்?

எனவே தலைநகரிலிருந்து தொடங்கக்கூடிய காரியங்கள் சில உண்டு. புசா ரோட்டின் தனியார் மருத்துவமனைகள் உள்ளிட்ட எல்லாத் தனியார் நிலையங்களும் போடும் ஒவ்வோர் ஊசியையும் "யு-வின்" பதிவேட்டில் ஏற்றுவதைக் கட்டாயமாக்க வேண்டும். நிர்வாகக் கணக்கையும் ஆய்வுக் கணக்கையும் ஒரே பக்கத்தில் அருகருகே வெளியிட வேண்டும். இடைவெளியை மறைக்காமல் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். கட்டட உரிமம் வழங்கும் மாநகராட்சியிடமே பணியிடங்களின் பட்டியல் இருக்கிறது. அதைச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்தால், தகரக் கொட்டகைகளை மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். அங்கே ஐந்து குழந்தைகள் விடுபட்டிருப்பதாக எழுதும் செவிலியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பாமல், அடுத்த நாளே ஐந்து ஊசிகளையும் குளிர்ப்பெட்டியையும் அனுப்பிவைக்க வேண்டும்.